மண் ஒக்கரினா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வீடியோக்களைப் பார்த்துக் களிமண்ணில் ஒக்கரினா (உள்ளே குடைவாக, விரல் துளைகளோடு இருக்கும் ஊதல்) செய்து வருகிறேன். புல்லாங்குழலைப் போல ஒரே அளவுத் துளைகளை வரிசையாகப் போட்டேன். பெரும்பாலும் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. ஒன்று மட்டும் ஒலித்தது. சூளையில் சுட்டதும் அதன் சுருதி ஏறிவிட்டது. மண் சரியில்லையா? இதில் நம் ராகம் வாசிக்க முடியுமா?

க., ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள க.,

மண்ணின் மேல் பழி போடாதீர்கள். முதலில் குரல், அதாவது ஊதினால் ஒலி பிறக்கும் இடம்; அப்புறம்தான் விரல் துளை.

ஐஸ்கிரீம் குச்சியைச் செருகி எடுத்த காற்றுவழியின் வழியாகக் கண்ணை வைத்துப் பாருங்கள். எதிரே சாய்வாகச் சீவிய விளிம்பு அந்தப் பிளவின் நடுவில் தெரிய வேண்டும். காற்று அங்கே மோதி இரண்டாகப் பிரிந்தால்தான் ஒலி. மேலேயோ கீழேயோ விலகினால் புஸ்தான். ஒரு துளைகூடப் போடாமல் தெளிவாக ஒலிக்கும்வரை அந்த விளிம்பைத் திருத்திக்கொண்டே இருங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கருவியின் வேலையில் பாதிக்கு மேல் இதுதான்.

புல்லாங்குழலில் துளையின் இடம் சுரத்தைத் தீர்மானிக்கிறது. ஒக்கரினா அப்படியல்ல. உள்ளே இருக்கும் வெற்றிடம் எவ்வளவு, திறந்திருக்கும் துளைகளின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்பதே கணக்கு. ஆகவே துளைகளை விரலுக்கு வசதியான இடத்தில் போடலாம். சிறிதாகக் குத்தி, ஊதிப் பார்த்து, சுரம் சேரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். ஐரோப்பாவில் விளையாட்டுப் பொருளாக இருந்த மண் ஊதலை, 1853இல் இத்தாலியின் பூத்ரியோ ஊரில் ஜுசெப்பே தோனாத்தி முறையாகச் சுரம் வாசிக்கும் கருவியாக்கினார். சிந்துவெளியில் கிடைத்த பறவை வடிவச் சுடுமண் ஊதல்களை நினைத்தால் இந்த ஆசை எவ்வளவு பழையது என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

சுருதி ஏறியது இயல்பு. மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்குகிறது, வெற்றிடமும் குறைகிறது. அதே மண்ணில் ஒரு பட்டை செய்து 10 செ.மீ. கோடு கீறிச் சுட்டுப் பாருங்கள். கோடு 9.4 ஆகியிருந்தால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை (ஆர்மோனியத்தில் அடுத்த கட்டை அளவு) ஏறும். பச்சை மண்ணிலேயே அவ்வளவு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். துளைகளும் சேர்ந்தே சுருங்குவதால் சுரங்களுக்குள் உள்ள உறவு பெரிதாகக் கெடாது.

நம் ஊர் ஈரப்பதத்தில் அவசரப்பட்டு மின்விசிறியில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி மெதுவாகக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் நீராவியாகி வெடித்துவிடும். கோலசிலாங்கூரில் பொங்கல் பானை செய்யும் தமிழ்க் குயவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் அவர்கள் காயவைப்பதைப் பாருங்கள்.

ராகம் தாராளமாக வாசிக்கலாம். மோகனத்தில் தொடங்குங்கள். எல்லாம் மூடினால் ஸ; ஐந்து துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தால் ரி, க, ப, த, மேல் ஸ. பலமாக ஊதி அடுத்த ஸ்தாயிக்குப் போக முடியாது, சுருதிதான் ஏறும். ஆனால் விரலை மெல்ல நகர்த்தினால் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, அழகாக வரும். செய்து முடித்ததும் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள், கேட்க வேண்டும்.