பக்கிள் வரும் தேதியை எழுதி வையுங்கள்

கேள்வி: பேரணாம்பட்டில் இருபது பேரை வைத்து, ஆம்பூர் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கிறேன். ஒரு மாதம் ஓவர்டைம், மறு மாதம் மெஷின்கள் சும்மா நிற்கின்றன. லைனிங் குவிந்து கிடக்கும்போது பக்கிள் தீர்ந்துவிடுகிறது. பெருந்தரவுப் பகுப்பாய்வு சாஃப்ட்வேர் இதைச் சரிசெய்யும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பெருந்தரவு என்பது எக்ஸெலில் அடங்காத அளவுக்குக் குவியும் தகவல். உங்களிடம் இருப்பது அதுவன்று. ஆனால் உங்களை ஆட்டிவைக்கும் நோய் பெரிய நிறுவனங்களுக்கும் உண்டு. 1990களில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் டயப்பர் கணக்கைப் பார்த்தபோது, குழந்தைகளின் தேவை ஏறக்குறைய ஒரே சீராக இருந்தும், விநியோகஸ்தர்களின் ஆர்டர் ஏறி இறங்கியதையும், மூலப்பொருளுக்கு நிறுவனமே போட்ட ஆர்டர் அதைவிடத் தாறுமாறாக இருந்ததையும் கண்டது. இதைச் சாட்டை விளைவு என்பார்கள். பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு. நீங்கள் நிற்பது நுனியில். வால்மார்ட் தன் கடைகளின் விற்பனைக் கணக்கைச் சரக்கு தருவோருக்கும் திறந்துவிட்டது இந்த வீச்சைக் குறைக்கும் வழிகளில் ஒன்று. ஆகவே ஏற்றுமதியாளரிடம் ஆர்டரை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், வெளிநாட்டு பையர் தரும் மூன்று மாதத் தேவையின் உத்தேசக் கணக்கையும் கேளுங்கள். தயங்குவார், இருந்தாலும் கேளுங்கள்.

அடுத்தது பக்கிள். ஆர்டர் போட்ட தேதியையும் சரக்கு வந்திறங்கிய தேதியையும் ஓராண்டுக்கு எக்ஸெலில் ஏற்றுங்கள். சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். நாளொன்றுக்கு 200 பக்கிள் செலவாகி, சரக்கு சராசரியாக 10 நாளில் வந்தாலும், ஒருமுறை 16 நாள் ஆகியிருந்தால், கையிருப்பு 2,000 ஆகும்போது ஆர்டர் போடுவது போதாது. 3,200 இருக்கும்போதே போட வேண்டும். தாமதம் குறைவான லைனிங்குக்கு இவ்வளவு இருப்பு தேவைப்படாது. அங்கே முடங்கிய பணம் இங்கே உதவும்.

சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. ரம்ஜான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கிறது. உங்கள் ஊரில் அந்த மாதத்தின் வேலை நேரமும் உற்பத்தியும் வேறு என்பதை எந்த சாஃப்ட்வேரும் தானாக அறியாது. அதற்கென எக்ஸெலில் ஒரு தனி நெடுவரிசை போட்டுக் குறித்து வையுங்கள்.