சஹனும் ஓலைப்பாயும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மண்டபத்தில் சாலையோரமாக அறுபது பேர் அமரும் உணவகம் ஒன்றைத் தொடங்கவிருக்கிறேன். ஆத்தங்குடிக் கற்களும் காரைக்குடித் தூண்களும் போட்டு, சுவரில் மீன்வலையும் துடுப்பும் மாட்டினால் பாரம்பரியம் வந்துவிடும் என்கிறார் உள்அலங்காரக்காரர். பவளக்கல்லில் ஒரு சுவராவது எழுப்ப வேண்டும் என்பது என் ஆசை. தங்கள் கருத்து?

வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

ஆத்தங்குடியும் காரைக்குடியும் 1985 வரை நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவைதாம். ஆனால் சென்னையிலும் கோவையிலும் திறக்கும் உணவகங்கள் பலவும் அந்த வேடத்தையே போட்டுக்கொண்டிருக்கையில், அதைக் காண ஒருவர் மண்டபம் வரை வர வேண்டியதில்லை.

பவளக்கல்லை மறந்துவிடுங்கள். 1964 புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் பவளக்கல் தேவாலயச் சுவரைப் பார்த்து வந்த ஆசை அது என்று ஊகிக்கிறேன். 2001 முதல் பவளங்கள் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து, இருக்கின்றன. அந்தச் சொரசொரப்பான வெண்மைக்குச் சுண்ணாம்புச் சாந்து போதும்.

நான் நெடுநேரம் யோசித்தது இருக்கையைப் பற்றித்தான். கீழக்கரை விருந்துகளில் பாய் விரித்து, சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து ஒன்றாக உண்கிறார்களே, இந்தக் கரையின் பண்பாடு அந்த வட்டத்தில் இருக்கிறது. அறுபதில் இருபது இடங்களையாவது அதற்கு ஒதுக்கி, முழங்கால் உயரத்தில் திண்ணைபோல் ஒரு மேடை கட்டுங்கள். சம்மணமிட முடியாத முதியவர்கள் அதன் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு அமரலாம். யார் கையும் தட்டின் நடுவை எட்ட வேண்டும் என்பதே வட்டத்தின் அளவு. விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டால் வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் சோற்றின்மேல் விழும்.

மேலே கூரையைத் தாங்கும் பனங்கைகளின் (பனைமரச் சட்டங்களின்) அடியில் ஓலைப்பாய் வேயுங்கள். வழவழப்பான தரையும் கண்ணாடியுமாக உள்ள கூடத்தில் நாலு தட்டு வைக்கும் சத்தமே சந்தை இரைச்சலாகிவிடும். பாய் அதை ஓரளவு உள்வாங்கிக்கொள்ளும். இரும்பு வேலைப்பாடு எதுவும் வேண்டாம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த உப்புக்காற்று உங்கள் அலங்காரக் கிராதியை விட்டுவைக்காது.

கடைசியாக, வலையும் துடுப்பும். விடிகாலையில் கடலிலிருந்து திரும்பும் மீனவர் உங்களிடம் டீ குடிக்க உட்காரும்போது, அவருடைய தொழில் கருவி தலைக்கு மேல் காட்சிப்பொருளாகத் தொங்குவது எனக்கு உவப்பாயில்லை. அந்தச் செலவில் மேற்கு ஜன்னல்களுக்குத் தட்டி வாங்குங்கள். ஆடிக்காற்று மணலையும் சேர்த்துக்கொண்டு வரும்.

அன்புடன்,
ஆசிரியர்