கடலின் நிறத்தைப் படிப்பது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: செயற்கைக்கோள் படத்தை வைத்தே கரையோர நீரின் தரத்தை அறியலாம் என்கிறார்களே, எதையெல்லாம் அறியலாம்?

பதில்: நீரின் நிறத்தை மாற்றும் பொருள்களை மட்டுமே அறியலாம். முக்கியமாக மூன்று: மிதவைப் பாசிகளின் பச்சையம், மிதக்கும் வண்டல், மட்கிய தாவரங்களிலிருந்து கரைந்து வரும் மஞ்சள்பழுப்புச் சாயம். நைட்ரேட்டுக்கும் கழிவுநீர் பாக்டீரியாவுக்கும் கரைந்த ஆக்சிஜனுக்கும் நிறம் கிடையாது. அவற்றைக் கணிக்கும் கணினி மாடல் உண்மையில் கலங்கலைத்தான் பார்க்கிறது. கலங்கலோடு அவை சேர்ந்து ஏறி இறங்கும்வரை கணக்கு ஒத்துவரும், பருவம் மாறினால் அறுந்துவிடும். ஒரு கடற்கரை குளிக்கத் தகுந்ததா என்று படத்தைப் பார்த்து முடிவு கட்டவே கூடாது. மக்கள் உடல்நலம் சம்பந்தப்பட்டது. அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி.

கேள்வி: ஐரோப்பியச் செயற்கைக்கோள்களான சென்டினல்-2, சென்டினல்-3 இரண்டில் எதன் படத்தை எடுப்பது?

பதில்: நீர்ப்பரப்பின் அகலத்தைப் பாருங்கள். சென்டினல்-3 ஏறக்குறைய தினமும் படம் தரும், ஆனால் பிக்சல் 300 மீட்டர். 600 மீட்டர் அகலக் கழிமுகத்தில் கரை கலக்காத பிக்சல் தேறுவது அரிது. அங்கே 10, 20 மீட்டர் பிக்சல் தரும் சென்டினல்-2தான். அது 5 நாளுக்கொரு முறை வரும், மேகம் மறைத்தால் அதுவும் போச்சு. திறந்த கடலுக்குச் சென்டினல்-3 போதும்.

கேள்வி: சென்டினல்-2 படங்களை வரிசையாக வைத்தால் 2022 தொடக்கத்தில் எதிரொளிப்பு (விழும் ஒளியில் திரும்பி வரும் பங்கு) திடீரென்று உயர்கிறது. நீர் மாறியதா?

பதில்: நீர் மாறவில்லை, எண்ணின் அமைப்பு மாறியது. 2022 ஜனவரி 25 முதல் வந்த 04.00 செயலாக்கப் பதிப்பில் ஒவ்வொரு பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். 1000 கழித்த பிறகே 10000-ஆல் வகுக்க வேண்டும். தேதியை நம்பாதீர்கள், பழைய படங்களும் மறுபடி செயலாக்கப்பட்டுப் புதிய பதிப்பில் கிடைக்கின்றன. கோப்புப் பெயரில் ‘N’ எழுத்தை அடுத்த நான்கு இலக்கங்கள் 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழியுங்கள்.

இன்னொன்று. தயாராகக் கிடைக்கும் 2ஏ நிலைப் படத்தின் வளிமண்டலத் திருத்தம் (காற்று சேர்க்கும் ஒளியை நீக்குவது) நிலத்துக்காகச் செய்தது. கடலுக்கு மேலே உணரியை எட்டும் ஒளியில் சுமார் 90 சதவீதம் காற்றிலிருந்து வருவது. திருத்தத்தில் சிறு பிழை வந்தாலும் மிச்சமிருக்கும் நீரின் சேதி சிதைந்துவிடும். அந்தத் திருத்தம் செய்யாத 1சி நிலைப் படத்தை எடுத்து அகோலைட், பாலிமர் போன்ற நீருக்கான மென்பொருளில் ஓட்டுங்கள். நீலப் பட்டையில் எதிர்மறை எண் வந்தால் திருத்தம் தவறிவிட்டது. அந்தப் பிக்சலை மாடலுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 180 நீர் மாதிரிகளை வைத்துப் பச்சையத்துக்கு ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் சராசரியை எடுக்கும் முறை) மாடல் செய்தேன். ஆர்-ஸ்கொயர் (கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.92. அடுத்த மாதப் படத்தில் எல்லாம் தப்பு. ஏன்?

பதில்: பெரும்பாலும் கோளாறு மாடலில் இல்லை, தரவைப் பிரித்த விதத்தில் இருக்கும். ஒரே நாளில் ஒரே படகில் எடுத்த 20 மாதிரிகளுக்கு நீர் ஏறத்தாழ ஒன்று, காற்று ஒன்று, திருத்தப் பிழையும் ஒன்று. அவற்றைக் குலுக்கி 80க்கு 20 என்று பிரித்தால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பயிற்சியிலும் தேர்விலும் விழும். மாடல் பச்சையத்தைக் கற்பதில்லை, அந்த நாளை மனப்பாடம் செய்கிறது. ஒரு நாளின் மாதிரிகள் முழுவதையும் ஒதுக்கிவைத்து மற்ற நாள்களில் பயிற்றுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் இதையே திருப்பிச் செய்யுங்கள். 180 மாதிரியும் 9 நாளில் எடுத்தவை என்றால் உங்கள் கையில் இருப்பது 9 சாட்சிகள்தான். மதிப்பெண் சரியும், சரிந்த எண்தான் மெய்.

அடுத்து, நேரம். மாதிரிக்கும் படத்துக்கும் 3 மணி நேர இடைவெளி வரை ஏற்பது திறந்த கடல் வழக்கம். ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் அது ஆகாது. நொடிக்கு அரை மீட்டர் நீரோட்டம் ஒரு மணியில் 1.8 கிலோமீட்டர் நகரும். 10 மீட்டர் பிக்சலில் 180 பிக்சல்! உள்ளூர் நேரத்தையும் உலகப் பொதுநேரத்தையும் குழப்பியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், அடிக்கடி நடப்பது.

ரேண்டம் ஃபாரஸ்ட் பயிற்சியில் கண்ட உச்ச அளவைத் தாண்டி விடை சொல்லாது. லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் வரைதான் பழக்கியிருந்தால், பாசி பெருகி 60 ஆனாலும் 15க்குள்ளேயே நிற்கும். நாம் அஞ்சும் நாளில்தான் கைவிடும். ஒப்பிட்டுப் பார்க்க எளிய குறியீடு ஒன்றும் போடுங்கள்: 705, 665 நானோமீட்டர் அலைநீளங்களில் வரும் எதிரொளிப்புகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது. ஒதுக்கிவைத்த நாள்களில் மாடல் இதை வெல்லவில்லை என்றால் குறியீட்டையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: தெளிந்த ஆழமற்ற நீரிலும் பச்சையம் அதிகம் என்று வருகிறதே?

பதில்: தரையிலுள்ள கடற்புல் தெரிகிறது. வெள்ளைத் தட்டை இறக்கிப் பாருங்கள். தரையைத் தொட்ட பிறகும் தட்டு கண்ணுக்குத் தெரிந்தால் அந்தப் புள்ளியை நீக்கிவிடுங்கள்.