பழைய காற்றாலையைக் கழற்றிவிட்டுப் பெரியது போடலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் 1996-ல் அப்பா போட்ட 250 கிலோவாட் காற்றாலை இருக்கிறது. ஆண்டுக்கு 3.5 லட்சம் யூனிட் வருகிறது, எங்கள் நூற்பாலைக்கே எடுத்துக்கொள்கிறோம். அக்கம்பக்கத்தில் காற்றாலை வைத்திருக்கும் 7 பேர், எல்லோருடையதையும் கழற்றிவிட்டு 2.1 மெகாவாட்டில் ஒன்றே ஒன்று போடலாம் என்கிறார்கள். என் பங்கு 65 லட்சம் ரூபாய். எஃப்.டி.யில் 25 லட்சம் இருக்கிறது. மீதிக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டும். இன்னொரு நிறுவனம் நிலத்தோடு 45 லட்சத்துக்குக் கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: வீட்டை அடமானம் வைக்காதீர்கள். 45 லட்சத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

பெரிய இயந்திரம் நல்லதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். உங்களுடையதன் இறக்கை வட்டம் சுமார் 30 மீட்டர் இருக்கும். இப்போது வரும் 2.1 மெகாவாட் இயந்திரத்துக்கு 120 மீட்டர். விட்டம் 4 மடங்கு என்றால், காற்றைப் பிடிக்கும் பரப்பு 16 மடங்கு. கோபுரமும் 100 மீட்டருக்கு மேல் போவதால் அங்கே காற்று வேகம் அதிகம். வேகம் கொஞ்சம் கூடினாலே மின்சாரம் நிறையக் கூடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் நல்ல இடங்களையெல்லாம் சின்ன இயந்திரங்கள் பிடித்து வைத்திருப்பது நாட்டுக்கே நஷ்டம்.

ஆனால் உங்கள் கைக்கு என்ன வரும்? மெகாவாட்டுக்கு 8 கோடி என்று வைத்தால் மொத்தம் 16.8 கோடி. எட்டுப் பேரும் ஆளுக்கு 65 லட்சம் போடுவது போக, 11.6 கோடி கடன். உங்கள் பங்குக் கடன் 1.45 கோடி, 10% வட்டி, 12 ஆண்டு என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 21 லட்சம் தவணை. காற்றாலை ஆண்டு சராசரியாக அதன் முழுத் திறனில் 30% தந்தால் உங்கள் பங்குக்கு 6.9 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு நிகரமாக 5 ரூபாய் மிச்சம் என்றால் 34.5 லட்சம். தவணையும் பராமரிப்புக்கு 2.5 லட்சமும் போனால் நிற்பது 11 லட்சம். வீட்டுக் கடன் 40 லட்சத்துக்கு 10 ஆண்டுத் தவணை 6.3 லட்சம். அப்புறம் மிஞ்சுவது 5 லட்சம்கூட இல்லை.

பழைய இயந்திரம் இப்போது தருவது 17.5 லட்சம். பராமரிப்புக்கு 4 லட்சம் போனாலும் 13.5 லட்சம் நிற்கிறது. கடன் முடியும்வரை புதியதைவிடப் பழையதுதான் உங்களுக்கு அதிகம் தரும். அதனால் முதலில் ஒரு நல்ல பொறியாளரை வைத்து கியர்பாக்ஸ், இறக்கை, கோபுர அடித்தளம் மூன்றையும் சோதியுங்கள். 2024-ல் தமிழக அரசு கொண்டுவந்த கொள்கை ஆயுள் நீட்டிப்புக்கும் வழி வைத்திருக்கிறது. அதற்கான கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

45 லட்சம் என்பது மூன்றே கால் ஆண்டு வருமானம், அவ்வளவுதான். கேட்கும் நிறுவனத்துக்கு உங்கள் பழைய இரும்பு வேண்டாம். வேண்டியது காற்று வரும் நிலமும், சப்-ஸ்டேஷன் வரை போகும் லைனும் அனுமதியும். விலை பேசினால் அதற்குப் பேசுங்கள். பத்திரத்தில் நிலத்துக்கும் இயந்திரத்துக்கும் விலையைத் தனித்தனியாக, உள்ளபடி போடச் சொல்லுங்கள். வரிக் கணக்கில் ஆண்டுதோறும் கழித்த தேய்மானத்தில் மதிப்பு கரைந்துபோன இயந்திரத்தை விற்றால் வரும் பணம் குறுகிய கால ஆதாயம். நிலத்துக்கு நீண்ட கால ஆதாய வரி, அது குறைவு.

கூட்டாகப் போவதற்கு நான் எதிரி இல்லை. உங்கள் நிலத்தையும் மின் இணைப்பு உரிமையையும் மதிப்பிட்டுப் பங்காகக் கணக்கிடச் சொல்லுங்கள். கையிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் போடாதீர்கள். பெரிய நூற்பாலை ஒன்றைச் சேர்த்தால் ரொக்கம் அங்கிருந்து வரும். இயந்திரங்களுக்கு இடையே நிறைய இடைவெளி வேண்டும் என்பதால் நீங்கள் சம்மதிக்காமல் அந்த 7 பேரால் எளிதில் போட முடியாது. உங்கள் பலமே அதுதான்.

சேருவதானால் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். சொந்த உபயோகம் என்ற சலுகைக்கு, பயன்படுத்துவோர் கையில் குறைந்தது 26% பங்கு இருக்க வேண்டும். உற்பத்தியில் 51%-ஐ அவர்களே எடுக்க வேண்டும். ஒரு மில் மூடினாலும் இந்தக் கணக்கு ஆடிப்போகும், கூடுதல் கட்டணம் எல்லோர் தலையிலும் விழும். ஆடிக் காற்றில் வந்த யூனிட்டை வரவு வைத்து, காற்றில்லாத மாதத்தில் எடுக்கும் பேங்கிங் வசதி புது இயந்திரத்துக்கும் அப்படியே தொடருமா என்று மின்வாரியத்திடம் கேளுங்கள். வருமான வரியில் கிடைக்கும் 40% தேய்மானச் சலுகையைக் காட்டி ஆசை காட்டுவார்கள். கூட்டு நிறுவனம் தனிக் கம்பெனி என்றால் அந்தச் சலுகை கம்பெனிக்குத்தான், உங்கள் மில் கணக்கில் வராது.

அடுத்த பேச்சுக்குப் போகும்போது மின் இணைப்பு அனுமதிக் கடிதத்தையும் கடைசி 5 ஆண்டு யூனிட் கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள்.