வெளிநாட்டு அழுத்தம் இல்லாவிட்டால் இலங்கை பாலியல் ஆட்கடத்தலைத் தடுக்குமா?

நாடுகள் ஆட்கடத்தலை எவ்வளவு தடுக்கின்றன என்று தரம் பிரிக்கும் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் வருடாந்த அறிக்கையைப் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். தடுக்காது என்பதுதான் என் பதில். ஆட்கடத்தலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையான பலெர்மோ நெறிமுறையில் 2000இல் கையெழுத்து வைத்துவிட்டு, அதை உறுதிப்படுத்த 2015 வரை இழுத்தார்கள். அந்த அறிக்கையின் கண்காணிப்புப் பட்டியலில் சில வருடம் கிடந்துதான் 2017இல் ஒரு படி ஏறினோம். இதைச் சொன்னால் என்ஜிஓ காசுக்குக் கதைக்கிறாள் என்பார்கள், சொல்லட்டும். ஆனால் அந்த அழுத்தம் கொழும்பு மேசைகளோடு நின்றுவிடுகிறது, அதுதான் என் கோபம்.

நான் யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். வெளிநாட்டு நிதியில் ஹோட்டலில் நடந்த ஒரு செயலமர்வில், ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோயிருந்தால் அந்தப் பெண் சம்மதித்தாள் என்ற பேச்சே செல்லாது என்று நாள் முழுக்கத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வடமராட்சியிலிருந்து ஒரு அம்மா, சொப்பிங் பைக்குள் கடுதாசிகளைச் சுற்றிக்கொண்டு வந்தா. மகளை சலூன் வேலை என்று ஒரு ஏஜென்ட் கொழும்புக்குக் கூட்டிப்போய், அடையாள அட்டையைப் பறித்து வைத்து, மசாஜ் நிலையம் ஒன்றில் விட்டிருக்கிறான். பொலிஸ் பாய்ந்தபோது பிடிபட்டது அந்தப் பிள்ளைதான். 2006இலிருந்து தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தல் தனிக் குற்றம், 20 வருடம் வரை சிறை. அதை யாரும் தொடவில்லை. 1889இல் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன விபச்சார விடுதிக் கட்டளைச் சட்டத்தில் அவளுக்குத் தண்டம். ஏஜென்டின் பெயர் கடுதாசியில் எங்கேயும் இல்லை.

பொலிஸ் எழுதிய அந்தப் பிள்ளையின் வாக்குமூலத்தை வாசித்தேன். முழுக்கச் சிங்களம். சொந்த விருப்பத்தில் வந்தேன் என்று எழுதியிருக்கிறது, அதற்குக் கீழே அவள் தமிழில் கையெழுத்து வைத்திருக்கிறாள். அட்டையைப் பறித்ததைச் சொன்னேன் அக்கா, பொலிசார் எழுதவில்லை என்றாள் அந்தப் பிள்ளை.

எல்லாப் பொலிசாரும் இப்படி என்று நான் சொல்லவரவில்லை, நல்லவர்களோடும் வேலை செய்திருக்கிறேன். ஆனால் தமிழும் அரசகரும மொழி என்று 13ஆம் திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டது. இன்றைக்கும் தமிழ்ப் பிள்ளை தன் வாயால் சொன்னதைத் தன் மொழியில் எழுதி வாசித்துக் காட்ட ஆள் இல்லை என்கிறார்கள். ஹோட்டலில் செயலமர்வு வைக்கக் காசு இருக்கிறது, இரவில் பொலிஸ் நிலையத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைக்க இல்லையா? நிதி தருகிற நாடுகளாவது இதைக் கேட்கலாமே.