வால்பாறைக்குப் போனால் விலங்குகளைப் பார்க்க முடியுமா? உங்கள் அனுபவம் என்ன?

பார்க்கலாம். ஆனால் நாம் காத்து நிற்கிற இடத்துக்கு அவை வருவதில்லை.

ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வரையாடு வரும் என்றார்கள். கேமராவோடு முக்கால் மணி நேரம் நின்றேன், ஒன்றும் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி அரைத்தூக்கத்தில் போகும்போது தடுப்புச் சுவர் மேல் ஒன்று நின்று சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கேமரா பைக்குள்!

இங்கே காடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று கிடையாது. மேலே முழுக்கத் தேயிலை, அதற்குள் திட்டுத் திட்டாகச் சோலைக்காடு, சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற யானைக்குத் தேயிலைத் தோட்டம்தான் பாதை.

எனக்குப் பிடித்த இடம் வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டம் எஸ்டேட். சிங்கவால் குரங்குகள் ரோட்டில் அடிபடாமல் இருக்க, மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள். குட்டி வயிற்றில் தொங்க ஒரு தாய் பாதிப் பாலத்தில் நின்றது. கீழே ஒரு லாரி உறுமிக்கொண்டு போய் மறையும்வரை அசையவில்லை. பிறகு நாலே எட்டு, அந்தப் பக்கம். கீழே ஒருத்தர் காரை நிறுத்தி பிஸ்கட்டை நீட்டிக்கொண்டிருந்தார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தீனிக்குப் பழகிய குரங்கு பாலத்தை விட்டுவிட்டு ரோட்டுக்கு இறங்கிவிடும்.

ஜூன், ஜூலையில் போனால் மழையும் அட்டையும்தான். சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் தோட்டத்துப் பாதையில் நடந்து போனபோது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் இருந்த ஒரு அக்கா கூப்பிட்டார். "தம்பி, செவப்பு லைட்டு எரியுது பாருங்க. யானை நிக்குது, ரூமுக்குப் போயிருங்க." பக்கத்தில் யானை இருப்பது தெரிந்தால் ஊர்க்காரர்களே போனிலிருந்து எரியவிடுகிற விளக்கு அது. யானை இல்லாவிட்டாலும் இருட்டிய பிறகு அங்கே நடக்கக்கூடாது, தேயிலைச் செடிக்குள் சிறுத்தை படுத்திருந்தால் தெரியாது. நான் அந்த வளைவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று இழுத்தேன். அவர் பதில் சொல்லவில்லை, முறைத்தார். திரும்பிவிட்டேன்.

காலையில் போனேன். அதே வளைவில், பாதைக்கு நடுவே, யானை லத்தி. இன்னும் லேசாக ஆவி பறந்துகொண்டிருந்தது.