பத்து ஆண்டுப் பிழை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கிராமம் என்னுடையது. புற்றுக்கட்டிகளை அடக்கும் புரதங்களை நான்கு ஆண்டுகளாக ஆய்வு செய்கிறேன். ஊருக்கு வந்தால் மருந்து கண்டுபிடித்தாயிற்றா, மஞ்சள் போதாதா என்று கேட்கிறார்கள். வீட்டாருக்குப் புரியும்படி என் வேலையை எப்படிச் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மஞ்சளை விடுங்கள். ஆய்வகத் தட்டில் செல்களைக் கொல்லும் பொருளெல்லாம் உடலில் மருந்தாகிவிடுவதில்லை.

வீட்டாருக்குப் புரியாது என்று நீங்களே முடிவு கட்டியதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. பட்டுப்புழு வளர்க்கும் மண்ணில் பிறந்தவர் நீங்கள். புழுவுக்கும் அந்துப்பூச்சிக்கும் மரபணுக்கள் ஒன்றே, உருவாகும் புரதங்களே வேறு என்று ஒருமுறை என் அம்மிச்சியிடம் சொன்னேன். மல்பெரித் தழையை நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “அப்ப நூலு உடற சரக்கு பூச்சிகிட்ட இருக்காதா கண்ணு?” என்றார். உங்கள் புரத ஆய்வு கேட்பதும் அதையேதான்: எந்தப் புரதம், எப்போது, எவ்வளவு?

வீட்டாரிடம் வெற்றியை மட்டும் சொல்ல நினைக்காதீர்கள், பிழையையும் சொல்லுங்கள். புற்றோடு தொடர்புடைய பி53 என்னும் புரதம் 1979இல் கண்டறியப்பட்டது. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் கூழில் அது 53 ஆயிரம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ளதைப் போல நின்றதால் அந்தப் பெயர் வந்தது. புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த பகுதியால் மெதுவாக நகரும் அதன் உண்மையான எடை ஏறத்தாழ 44 ஆயிரம்தான். பெயரில் தொடங்கிய பிழை அதோடு நிற்கவில்லை. கட்டிச் செல்களில் அது குவிந்து கிடந்ததாலும், ஆய்வகங்களில் பிரித்தெடுத்த மரபணுப் பிரதிகள் பல திரிபடைந்தவையாக இருந்ததாலும், புற்றை வளர்ப்பதே இந்தப் புரதம்தான் என்று பத்து ஆண்டுகள் நம்பினார்கள். திரிபில்லாத பி53 புற்றை அடக்குகிறது என்பது 1989இல்தான் தெளிவானது. மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் அதன் மரபணு பழுதடைந்திருக்கிறது. நல்ல பி53ஐ எம்டிஎம்2 என்னும் புரதம் உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிவிடும். திரிந்ததோ பெரும்பாலும் அழியாமல் தேங்கிவிடுகிறது. குவியலைக் கண்டவர்கள் அதன் பழுதைக் காணவில்லை.

அந்தப் பத்து ஆண்டுகளில் உழைத்தவர்களிடமும் வீட்டில் மருந்தைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். அவர்கள் கையில் மருந்து இல்லை, தவறான விடைதான் இருந்தது. அந்த விடையை விடாமல் சோதித்ததால்தான் சரியானது கிடைத்தது. உங்கள் நான்கு ஆண்டுகளை வீண் என்று ஒருவரும் சொல்ல விடாதீர்கள், நீங்களும் சொல்லாதீர்கள்.

இவ்வளவு எழுதியும் நீங்கள் எந்தப் புரதத்தை ஆராய்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடவேயில்லை. அடுத்த கடிதத்தை அதன் பெயரிலிருந்து தொடங்குங்கள்.